கரண்ட் வருவதற்குள்

சோற்றுப் போசியோடு வந்த காகிதப் பொட்டலத்தைக் குப்புராஜ் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பிரித்தார். அதுவும் நல்லதுக்குத்தான், முன்னாலேயே பிரித்திருந்தால் ஒரு வாய் சோறு உள்ளே இறங்கியிருக்காது. ஜோதிமணி கட்டிக் கொடுத்த பொட்டலம் அது. ரிப்பேருக்குப் போகிற இடத்தில் கழற்றியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவருடைய பழக்கம். துவைக்கும்போது அதையெல்லாம் பொறுக்கி, ஜன்னலோரத்து பாட்டிலில் போட்டு வைத்து, பாட்டில் நிறைந்ததும் கடைக்கு அனுப்பி வைப்பது கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவள் செய்கிற வேலை. "உங்க சட்டையத் தொவைக்கறதுக்கு ஆணிக்கடைக்கே வாக்கப்பட்டிருக்கலாமுங்க" என்று காலையில்கூட முனகினாள். பொட்டலத்துக்குள் நாலைந்து திருகாணி, வாஷர், தேய்ந்த மிக்ஸி கார்பன், எந்தக் காலத்திலோ கழற்றிய ஒரு நாப், அதற்கெல்லாம் அடியில் கறுப்பாக, கோட்டுப் பொத்தான் அளவில், இரண்டு பித்தளைக் காலோடு ஒரு கட்-அவுட். சூடு மீறினால் கரண்டை நிறுத்துகிற ஜீசர் கட்-அவுட். அதுவும் அந்த ஒரு கம்பெனி ஜீசருக்கு மட்டுமே பொருந்துகிற கட்-அவுட். கோபியில் அந்த ஜீசர் பாதிப் பேர் வீட்டில் இருக்கிறது, ஆடித் தள்ளுபடியில் அள்ளிக் கொடுத்தார்கள். இருந்தாலும் அவர் நினைப்பு அந்தப் பாதிப் பேர் வீட்டுக்கும் போகவில்லை, நேரே கச்சேரிமேட்டுக்குப் போய், சம்பந்தி வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பாத்ரூமுக்குள் நுழைந்து நின்றுகொண்டது. மகள் மோகனா குளிக்கிற பாத்ரூம். முழுகாமல் இருக்கிற பெண், இடுப்புவலிக்குச் சாயங்காலமானால் சுடச்சுட நாலு சொம்பு ஊற்றிக்கொள்கிறவள். குப்புராஜ் கட்-அவுட்டை ஸ்டூல்மேல் வைத்தார், பிறகு எடுத்தார், பிறகு திரும்பவும் வைத்தார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றாமல் நின்றது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. மாதாமாதம் லைன் வேலைக்காக ஊர் முழுக்க நிறுத்துவார்கள், சாயங்காலம்தான் விடுவார்கள். பேப்பரில் போட்டிருந்தான். கரண்ட் இல்லாதவரைக்கும் ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தோன்றியது, இத்தனை வருஷத்தில் கரண்ட் வரக் கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

மாட்டினோமா மாட்டவில்லையா. மாட்டாமலா மூடியிருப்போம். தீபாவளி முடிந்த வாரம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனார், சம்பந்தி வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனாலும் சம்பந்தியாகத்தானே போக வேண்டும். தண்ணீர் சுடவில்லை என்றார்கள். ஸ்டூல் போட்டு ஏறி அடிமூடியைக் கழற்றினார். முதலில் கட்-அவுட்டை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து டைரக்ட் கொடுத்துப் பார்த்தார், எந்த மெக்கானிக்கும் முதலில் செய்கிற காரியம் அதுதான், எதில் கோளாறு என்று அப்படித்தானே தெரியும். அப்போதும் சுடவில்லை, ஆகவே தெர்மோஸ்டாட் போய்விட்டது. தெர்மோஸ்டாட்டை மாற்றினார். மாற்றியதும் சுட்டது. அதுவரைக்கும் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதற்கப்புறம் ருக்மணியம்மா பாத்ரூம் வாசலில் வந்து நின்றுகொண்டு, "எலை போட்டாச்சுங்க, ஆறிப்போயிரும், கைகழுவீட்டு வாங்க" என்றார். சம்பந்தியம்மா வாசலில் நிற்கும்போது ஸ்டூல்மேல் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறோமே என்று வெட்கமாகப் போய்விட்டது. "இதா வந்துட்டனுங்க" என்றார். டைரக்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கட்-அவுட்டை மாட்டி மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் அப்படியே மூடியிருக்க வேண்டும். இரண்டில் எது? ஒயரைப் பிடுங்குகிற மாதிரி ஒரு ஞாபகம் வருகிறது, ஆனால் அது போன மாசம் பாரியூரில் பிடுங்கியதாக இருக்கலாம், அதற்கு முந்தின மாசம் மொடச்சூரில் பிடுங்கியதாக இருக்கலாம், ஆயிரம் தடவை பிடுங்கிய கைக்கு எந்தப் பிடுங்கல் எந்த வீட்டில் என்று எப்படித் தெரியும். மூடியை மாட்டித் திருகாணி முறுக்கியது மட்டும் நிச்சயம். பந்தியில் உட்கார்ந்ததும் நிச்சயம். தேங்காய்ப்பால் பாயசம். "தெர்மோஸ்டாட் புதுசுதானுங்களே?" என்று ருக்மணியம்மா பாயசம் ஊற்றும்போது கேட்டார். "புதுசுதானுங்க" என்று சொன்னதும் நிச்சயம். அது புதுசு இல்லை என்பது அதைவிட நிச்சயம். வேறொரு ஜீசரிலிருந்து எடுத்து, துடைத்து, டப்பாவில் பத்திரமாக வைத்திருந்த பழசு. நல்ல பழசு. இப்போது வருகிற புதுசில் இரண்டை நிற்க வைத்தாலும் அதற்கு ஈடாகாது என்று அவர் சத்தியமாக நம்புகிற பழசு. ஆனால் பழசு பழசுதான், என்றைக்காவது ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் தண்ணீர் சூடாகி முடிந்த பிறகும் கரண்ட் நிற்காது, அப்போது நிறுத்துவதற்குத்தான் கட்-அவுட் என்று ஒன்றை வைத்திருக்கிறான். அதுவும் இல்லையென்றால் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், ஆவி போக வழியில்லாமல் டாங்க் உப்பும், அப்புறம். அப்புறம் என்பதை மட்டும் அவர் நினைக்கவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

இத்தனை நாளாக ஒன்றும் ஆகவில்லையே. தீபாவளி போய் மார்கழி வந்தாச்சு, தினம்தான் குளிக்கிறாள், ஆகிறதென்றால் ஆகியிருக்காதா. ஆகாது என்பதற்கு அது என்ன பேச்சு, இன்று வரைக்கும் சாகாதவன் நாளைக்கும் சாக மாட்டான் என்கிற மாதிரி. ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே, வண்டி வெளியில்தான் நிற்கிறது, போய்ச் சேர ஒரு பாட்டுக் கேட்கிற நேரம்கூட ஆகாது. போய் என்ன சொல்வது? கட்-அவுட்டை மாட்ட மறந்துவிட்டேன் என்றா? கேட் வாசலிலேயே கால் நின்றுவிடும், அவருக்குத் தெரியும். இதற்கு முன்னால் ஒன்றும் நடக்காமல் இருந்திருந்தால் போயிருப்பார். நடந்திருக்கிறதே. கல்யாணச் சீரில் வைத்த ஃபிரிட்ஜ். பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி இருந்தது, ஷோரூமில் பின்பக்கம் அடிபட்டதென்று ஒதுக்கி வைத்த பீஸ், தட்டி நிமிர்த்தி, உள்ளே இருந்த லொடலொட கம்ப்ரஸரைத் தூக்கி எறிந்துவிட்டு, மோகனா பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து அவளுக்கென்றே துணி சுற்றி எடுத்து வைத்திருந்த பழைய கம்ப்ரஸரைப் பொருத்தினார். அவ்வளவு கனம், அவ்வளவு உறுதி, ஓடினால் ஓடுகிற சத்தமே தெரியாது. அது என்ன பாவமோ, உறவில் ஒரு வளைகாப்புக்கு ஜவுளி எடுக்க எல்லாரும் கூடியிருந்த அன்றைக்குப் பார்த்து நின்றுபோனது. கம்பெனி மெக்கானிக் வந்து பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, "இது மாத்துன கம்ப்ரஸருங்க, காயலாங்கடைச் சரக்கு" என்றானாம். மறுநாள் மோகனா தனியாக வந்தாள், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "எனக்கு மட்டும் ஏங்ப்பா பழசு?" என்று கேட்டாள். அவளுக்கென்று எடுத்து வைத்ததை, அவருடைய கையிலேயே ஆகச் சிறந்ததை, பழசு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதையும் தொடக் கூடாது என்றுதான் இருந்தார். ஜீசர் போனபோது சம்பந்திதான் கூப்பிட்டார், மனுஷன் தங்கம், பழையபடி வந்துபோய் இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே கூப்பிட்டார். அந்தத் தங்கமான மனுஷன் வீட்டில்தான் பழசைப் போட்டுவிட்டுப் புதுசு என்று பாயசம் குடித்திருக்கிறார். இனி இதையும் சொன்னால் மோகனா அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள்? சொல்லாமல் இருந்தால் அவள் நடமாடுவாளா என்பதே கேள்வியாகிவிடும். இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் அவர் மாவாட்டுகிற கல் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார், எங்கேயும் போய்ச் சேரவில்லை.

மோகனாவுக்குப் போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். கரண்ட் இல்லாத நாளில் சார்ஜ் தீர்ந்திருக்கும். மாப்பிள்ளை திருப்பூரில் வேலையில் இருப்பார், அவரிடம் இதைச் சொன்னால் அவர் வண்டியைத் தாறுமாறாக ஓட்டிக்கொண்டு வருவார். விரல் தானாகச் சம்பந்தி நம்பரில் போய் நின்றது. அழுத்தினார், முதல் மணியிலேயே சம்பந்தி எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க சம்பந்தி, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சுங்க. கரண்ட் இல்லாம பொழுதே போகலைங்க. மோகனா இப்பத்தான் படுத்துச்சு, எழுப்பட்டுங்களா?"

"வேண்டாமுங்க, வேண்டாமுங்க. சும்மாதானுங்க கூப்பிட்டேன்." சும்மாதான் என்று வாய் சொன்னதை அவரே வெளியில் நின்று கேட்ட மாதிரி இருந்தது. மடையா, சொல்லு. "ஏனுங்க சம்பந்தி, அந்த ஜீசர்... நல்லா வேலை செய்யுதுங்களா?"

"ஜீசருங்களா? அதுக்கென்னங்க, ஜோரா இருக்குது. நீங்க கைவெச்சா அப்பறம் கேக்கோணுமா?"

"ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயர்றனுங்க. இன்னைக்கே."

"அட, வேண்டாம், எதுக்குங்க வீண் சிரமம்! நல்லா இருக்கறதைப் போயிக் கிளறுவாங்களா? நீங்க கடையப் பாருங்க." வேண்டாம் என்பதை அவர் கொஞ்சம் அவசரமாகச் சொன்ன மாதிரிப் பட்டது. இன்னொரு தடவை இந்த ஆள் நம் வீட்டு மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வர வேண்டாம் என்று நினைத்திருப்பாரோ. நினைத்தால்தான் என்ன தப்பு. "அப்ப வெச்சர்ட்டுங்களா" என்றார் சம்பந்தி. "வைங்க" என்றார் குப்புராஜ்.

வைத்த பிறகு தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. போடாதீங்க, கரண்ட் வந்தாலும் அதைப் போடாதீங்க, நாலு வார்த்தை, நாக்கு எழவில்லையே. ஜோரா இருக்குது என்றாரே, ஜோராகத்தான் இருக்கும், டைரக்ட் கொடுத்த எதுவும் கடைசி நாள் வரைக்கும் ஜோராகத்தான் ஓடும். ஆனால் மாட்டியிருந்தால்? மாட்டாதது மாதிரி இவ்வளவு நேரம் துடிக்கிறோமே, உண்மையில் மாட்டியிருந்தால்? பொட்டலத்தில் வந்தது வேறெங்கோ கழற்றியதாக இருந்தால், இல்லாத குற்றத்தைத் தானே போய் ஒப்புக்கொண்டு மகள் மானத்தையும் சேர்த்து வாங்கினவன் ஆவோம். கைக்குத்தான் தெரியும். தலைக்குத் தெரியாதது கைக்குத் தெரியும், அது அவர் அனுபவத்தில் கண்டது. எந்தத் திருகாணி எங்கே என்று யோசித்தால் வராது, ஸ்குரூட்ரைவரைப் பிடித்ததும் வந்துவிடும். அதே மாதிரி ஜீசர் ஒன்றை எடுத்து, அன்றைக்குப் போலவே கழற்றி, அன்றைக்குப் போலவே மூடிப் பார்த்தால் கை எந்த இடத்தில் நின்றதென்று தெரிந்துவிடாதா. யோசனை பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது, ஆனால் போன் செய்வதைவிட இது சுலபமாக இருந்தது, சுலபமாக இருந்ததாலேயே அதில் இறங்கினார். கடைக்குப் பின்னால் கிடங்கு, பழைய இரும்பு வாங்குகிற சிக்கந்தர் பாய் வாராவாரம் டெம்போவில் கொண்டுவந்து கொட்டுகிற செத்த மிக்ஸி, செத்த கிரைண்டர், கை கால் போன ஃபேன், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. பிரித்தால் பத்தில் இரண்டாவது உயிரோடு இருக்கும், அந்த இரண்டை எடுத்துத்தான் இந்த ஊரில் பாதி வீட்டில் மாவரைகிறது. போன வாரம் வந்த குவியலில் அதே கம்பெனி ஜீசர் ஒன்று தலைகீழாகக் கிடந்தது, தூக்கிப் போட்டதில் ஒரு பக்கம் நசுங்கி, தண்ணீர்க் குழாய் முனை வளைந்து. அதை இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஸ்டூலுக்கு மேல் தூக்கி வைத்தார். இதுதான் சம்பந்தி வீட்டுச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். வேட்டியைத் தூக்கிக் கட்டினார், அன்றைக்கும் கட்டினோம். ஸ்குரூட்ரைவர் வலது கை, டார்ச் வாயில்.

முதல் திருகாணி வெண்ணெய் மாதிரி வந்தது. பாத்ரூமில் இருக்கிற ஜீசர் துருப்பிடித்து, எண்ணெய் விட்டு ஊறவைத்து, இரண்டு தட்டுத் தட்டினால்தான் அசையும், இது என்னடா இப்படி வருகிறது என்று நினைத்தார், நினைத்ததை அப்படியே விட்டார், ஏனென்றால் கை அன்றைய பாத்ரூமில் இருந்தது, காதில் ருக்மணியம்மா வாசலில் நின்று எலை போட்டாச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார், எந்தத் திருகாணியை முறுக்கும்போது அதைச் சொன்னார் என்று பிடித்துவிட்டால் போதும். இரண்டாவதும் வந்தது, மூன்றாவதும் வந்தது. மூடி கையோடு வந்துவிட்டது. டார்ச் வெளிச்சம் உள்ளே விழுந்தது. கட்-அவுட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது, இரண்டு முனையையும் ஒரு மஞ்சள் ஒயர் சேர்த்துக்கொண்டிருந்தது. வாஷிங் மெஷின் கட்டிலிருந்து உருவிய மஞ்சள் ஒயர், முனையை மூன்று முறுக்கு முறுக்கி இடது பக்கம் மடித்து, பச்சை டேப் ஒரு சுற்று. இந்த ஊரில் அப்படி மடிக்கிறவர் ஒருவர்தான். பக்கத்தில் தெர்மோஸ்டாட், அதன் முதுகில் அவரே பென்சிலால் போட்ட சின்னக் குறி. டப்பாவில் நல்லதுக்கு மட்டும் போடுகிற குறி. சம்பந்தி வீட்டு ஜீசரேதான்.

குப்புராஜ் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். முதலில் வந்தது சந்தோஷம், அதில் சந்தேகமே வேண்டாம், அப்படியே மிக்ஸிக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார், என் பிள்ளை தப்பிச்சுது, என் பிள்ளை தப்பிச்சுது என்று சத்தமாகவே சொன்னார், கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகுதான் அடுத்த நினைப்பு மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இதைத் திறந்து பார்த்தவர்கள் யாருமில்லை. மூடி அவர் மாட்டியபடியே இருந்தது, திருகாணி அவர் முறுக்கியபடியே இருந்தது. மஞ்சள் ஒயரை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. தப்புத் தெரிந்து கழற்றவில்லை. அவர் கைபட்டது என்பதற்காகவே கழற்றிப் போட்டிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த ஜீசரைக் கழற்றி, புதுசு வாங்கி மாட்டி, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அவருக்குத் தெரியக் கூடாது என்று ஒரு வார்த்தை மூச்சுவிடாமல் இருந்திருக்கிறார்கள். யார் கழற்றச் சொல்லியிருப்பார்கள்? ருக்மணியம்மாவா? மாப்பிள்ளையா? அவர்கள் சொன்னால் சொல்லட்டும் என்று மனசு சொல்லிப் பார்த்தது, ஆனால் அவருக்குத் தெரியும், சொன்னது மோகனாதான். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த ஜீசருக்குக் கீழே நின்றவள் அவள்தானே. எத்தனை நாள் பயந்து பயந்து குளித்தாளோ. அவள் பயந்ததில் தப்பே இல்லை என்பதற்குச் சாட்சி அவர் கண்ணெதிரே ஸ்டூல்மேல் இருந்தது. அந்தத் தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று அடுப்பில் தண்ணீர் வைத்துப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். போட்டுப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

முன்னால் கடையில் ஃபேன் ஒரு முனகலோடு சுற்ற ஆரம்பித்தது. எதிர்க்கடை ரேடியோ விட்ட இடத்திலிருந்து கத்தியது. கரண்ட் வந்துவிட்டது. குப்புராஜ் மஞ்சள் ஒயரை இன்னும் கழற்றவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் விளக்குப் போடுகிற நேரத்துக்குப் போன் அடித்தது. மோகனா.

"அப்பா, மாமாகிட்ட ஜீசரைப் பத்தி வெசாரிச்சீங்களாமா?"

"ஆமா சாமி. சும்மாதான்."

"நல்லா ஓடுதுங்ப்பா. நேத்துக்கூட அதுலதான் தண்ணி வெச்சேன்." ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். அவர் மனசு நோகக் கூடாது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த குரல்.

"சூடு பத்துதா கண்ணு?"

"பத்துதுங்ப்பா. நல்லாச் சுடுது."

அந்த ஜீசர் அவருக்கு எதிரே ஸ்டூல்மேல் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொன்னால் அவள் பொய் வெளியில் வந்துவிடும், அவ்வளவு பிரியமாகச் சொன்ன பொய். தன்னுடையதும் வெளியில் வந்துவிடும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டால் என்ன என்று தோன்றியது, மூடவும் மனசு வரவில்லை.

"சாமி, ஒண்ணு சொன்னாக் கேப்பியா?" என்றார். "இனிமே உங்க ஊட்டுல எது ரிப்பேர் ஆனாலும் என்னையக் கூப்பிட வேண்டாம். புதுசு வாங்கிருங்க. பழசை ஊட்டுலயே வெக்காதீங்க."

ரேடியோ கத்திக்கொண்டிருந்தது.

"சரிங்ப்பா" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.